வானத்துக் கல்லும் அம்மாவின் கையும்

"விண்கல்லில் உயிர் கண்டுபிடிப்பு" என்று ஒரு காணொளி. போன கிழமை என் மாலை வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்து காட்டினாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். "அப்ப நாங்க மேல இருந்து வந்தவங்களா சேர்?" என்றாள்.

இப்படித் தலைப்பு வைக்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம். நடந்தது இதுதான். 2023 செப்டெம்பரில் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம், பென்னு என்ற சிறுகோளின் கல்லையும் தூசியையும் பூமிக்கு அனுப்பியது. மொத்தம் 121.6 கிராம். புரதம் கட்ட நம் உடம்பு எடுக்கும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. உயிரின் பரம்பரைக் குறிப்பைச் சுமக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் வேண்டிய ஐந்து எழுத்துகளும் (காரங்கள் என்ற சேர்வைகள்) இருந்தன. 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். (அமினோ அமிலம் என்றதும் பிள்ளைகள் மிரளுகிறார்கள். நம் தேயிலையில் இருக்கும் தியானினும் அமினோ அமிலம்தான்.)

1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த முர்ச்சிசன் விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் கிடைத்தன. ஆனால் அது நிலத்தில் விழுந்த கல். தரையில் கொட்டிய கொழுந்தில் மண்ணும் சருகும் ஒட்டுகிற மாதிரி, பூமியின் அழுக்கு சேர்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வரும். பென்னுவின் தூசி மூடிய பெட்டியில் வந்தது, நைதரசனுக்குள் வைத்துப் பிரித்தார்கள். அதனால்தான் இந்தக் கைப்பிடித் தூசிக்கு இவ்வளவு மதிப்பு.

ஆனாலும் அதில் இருந்தது சாமான் மட்டும்தான். சமையல் நடந்திருக்கவில்லை.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்துப் போன கை. அந்த இரண்டு கையும் ஒரே மாதிரிதான். ஆனால் இரண்டையும் கவிழ்த்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பெருவிரல்கள் ஆளுக்கொரு பக்கம் போகும். பெரும்பாலான அமினோ அமிலங்களும் அப்படித்தான், இடக்கை வலக்கை என்று இரண்டு வடிவம். உயிர்களின் புரதங்களோ இடக்கையை மட்டுமே எடுக்கின்றன. முர்ச்சிசனில் சில அமிலங்கள் இடப்பக்கம் கூடுதலாக இருந்ததால், அந்தச் சாய்வை வானமே கொடுத்திருக்கும் என்று நானும் நம்பினேன். பென்னுவில் இரண்டும் ஏறக்குறைய சமம். இப்போது நான் பூமியின் பக்கம் சாய்கிறேன், அந்தத் தெரிவு இங்கேதான் நடந்திருக்க வேண்டும் என்று.

நம் இலங்கையில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க, உயிரே வால்வெள்ளிகளில் வந்தது என்று பல காலமாகச் சொல்பவர். அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் பென்னுவை அதற்குச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

இதையெல்லாம் சொன்னதும் அந்தப் பிள்ளை தன் கைகளை மேசையில் கவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். திருப்பினாள், மறுபடியும் வைத்தாள். "அப்ப இடது எப்படி சேர் ஜெயிச்சது?"

யாருக்கும் இன்னும் தெரியாது என்றேன். அந்தக் காணொளி அவளிடமிருந்து மறைத்தது இந்தக் கேள்வியைத்தான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.