புலிகாட்டுக்கும் புலிக்கும் சம்பந்தமில்லை

ஒருத்தர் தன் பதிவில், 'பழவேற்காட்டில் புலிகள் திரிந்ததால் டச்சுக்காரர்கள் புலிகாட் என்று பெயர் வைத்தார்கள்' என்று எழுதியிருக்கிறார். பலர் அப்படியே பகிர்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள், அது தவறு.

டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613இல். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே போர்த்துகீசியர்கள் தங்கள் குறிப்புகளில் இந்த ஊரை 'பலேயகாட்' என்பதுபோல எழுதிவிட்டார்கள். எண்ணூர், காசிமேட்டுப் பக்கம் மீன் வியாபாரிகள் பேசுவதைக் கேளுங்கள். 'பழவேக்காடு' என்றுதான் வாயில் வரும். அதில் ழகரத்தை லகரமாக்கி, நடுவில் கொஞ்சம் விழுங்கினால் வெள்ளைக்காரன் எழுதியது வந்துவிடும். புலிகாட் அதன் இன்னொரு திரிபு, அவ்வளவுதான்.

தமிழ்ப் பெயரில் இருப்பது வேல மரம். வேல், காடு சேர்ந்து வேற்காடு. நம்ம திருவேற்காடும் அப்படித்தான், அந்தக் கோயிலின் தலமரமே வெள்வேல்.

டச்சுக்காரர்கள் விட்டுப்போனதைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். வாசலிலேயே எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயர் மட்டும் அவர்கள் கொடுத்ததில்லை. பதிவைத் திருத்திவிடுங்கள்.