எந்த மாசம் போய்த் தேடினீங்க?

எட்டுவழிச் சாலை விவகாரத்துக்குப் பிறகு 'ஈஐஏ', அதாவது ஒரு திட்டம் வருமுன் தயாரிக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, என்றால் என்னவென்று சேலத்தில் டீக்கடை வரைக்கும் தெரியும். ஆனால் அந்த அறிக்கையில் காட்டுயிர்களைப் பற்றி வரும் பக்கங்களை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தண்ணீர், வெடி, தூசி, வேலை இதையெல்லாம் பேசுகிறோம். நியாயம்தான். விலங்குப் பட்டியல் லத்தீன் பெயர்களோடு ஆங்கில அறிக்கையில் கிடக்கும். தமிழில் நம் கைக்கு வருவது சுருக்கம் மட்டும்.

அந்தப் பக்கங்களை எழுதுவது யார்? மத்திய அரசின் 2006 ஈஐஏ அறிவிக்கையின்படி, சுரங்கம் வெட்டப்போகிற நிறுவனமே ஆலோசனை நிறுவனத்தைப் பிடிக்கிறது, ஃபீஸும் அதுவே கொடுக்கிறது. ஆலோசகருக்கு நாபெட் என்ற தர அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் குணம் எப்படி என்று மாப்பிள்ளை வீட்டுச் செலவிலேயே விசாரித்து எழுதி வாங்குகிற கதை. சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷே 2011-இல், திட்டம் போடுகிறவரே அறிக்கையும் தயாரிக்கிறார், இந்த ஏற்பாடு ஒரு கேலிக்கூத்து என்கிற மாதிரி வெளிப்படையாகச் சொன்னார். அப்புறமும் ஏற்பாடு அதேதான்.

இதற்காக 'காசு வாங்கினான், பொய் எழுதினான்' என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. பச்சைப் பொய் எழுதுகிறவர்கள் சீக்கிரம் மாட்டுகிறார்கள். கொங்கண் கரையில் ரத்னகிரி பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக் காடுகள் வந்தன. ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள்! சிரித்துவிட்டுப் போகலாம். என் கவலை ஒழுங்காக எழுதிய அறிக்கைகளைப் பற்றியது. ஒரு வரிகூடப் பொய் இல்லாமல் ஓர் உயிரை மலையிலிருந்தே இல்லாமல் பண்ணிவிட முடியும். அது வெளியே வராத நாளில் போய்த் தேடினால் போதும்.

நம்ம சேர்வராயன் மலையில் ஒரு கேடயவால் பாம்பு உண்டு. பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி 1863-இல் இந்த மலையிலிருந்துதான் அதை விவரித்து, ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2014-இல்தான் திரும்பவும் தனி இனம் என்று நிறுவினார்கள். விஷமில்லாதது, மண்ணுக்குள் மண்புழு தின்று வாழ்வது. வால் நுனி சாய்வாக வெட்டிவிட்டது போலச் சொரசொரப்பாக இருக்கும். நல்ல மழை பெய்தால் மேலே வரும், மற்ற நாளில் பூமிக்குள்.

இப்போது விதியைப் பாருங்கள். சுரங்கத் திட்டங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வைத்திருக்கும் பொதுவான ஆய்வு வரையறை, மழைக்காலம் தவிர்த்த ஒரே ஒரு பருவம், அதாவது மூன்று மாத விவரம் கேட்கிறது. மார்ச்–மே, அக்டோபர்–டிசம்பர், டிசம்பர்–பிப்ரவரி, எதுவானாலும் சரி. இதில் ஒரு வேடிக்கை: டெல்லிக் கணக்கில் அக்டோபர்–டிசம்பர் மழை முடிந்த காலம், நமக்கு அதுதான் வடகிழக்குப் பருவமழை. ஆக அந்தப் பாம்பைப் பார்க்க வாய்ப்புள்ள மாதமும் பட்டியலில் இருக்கிறது, வாய்ப்புக் குறைவான மாதமும் இருக்கிறது. தேர்வு யார் கையில்? கோடையில் மூன்று மாதம் முறைப்படி நடந்து தேடி, 'தென்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அது முழு உண்மை!

மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கும் இதே கதிதான். தென்னிந்தியாவை விட்டால் உலகில் எங்கும் இல்லாத, அழியும் அபாயத்தில் இருக்கும் பறவை. பாறையும் புதரும் உள்ள சரிவுதான் அதன் வீடு. குவாரிக்காரருக்கு வேண்டியதும் அதே பாறை. அறிக்கையில் அந்த இடம் தரிசு. கூச்சமுள்ள பறவை, காலையில் குரலை வைத்துப் பிடிக்க வேண்டும். பதினோரு மணிக்கு ஜீப்பில் போய் இறங்கினால் காக்காவும் மைனாவும்தான் கணக்கில் ஏறும்.

இப்படி ஓர் ஆலோசனை நிறுவனத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்த தம்பி ஒருவன் சொன்னான்: "அண்ணா, ரெண்டு நாள்தான் குடுப்பாங்க. பத்து கிலோமீட்டர் சுத்துவட்டாரத்தை முடிக்கணும். பழைய ரிப்போர்ட் லிஸ்டை எடுத்துட்டுப் போய் டிக் போடறதுதான்." யாரும் அவனிடம் பொய் எழுதச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு ஒன்று இருப்பதாக எழுதினால் பாதுகாப்புத் திட்டம் போட வேண்டும், அதற்கு நிதி ஒதுக்க வேண்டும், வனத்துறைக்கு நடக்க வேண்டும். அப்படி எழுதுகிறவருக்கு அடுத்த ஆர்டர் வருமா? ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் திரியும் காட்டெருமை அந்த அட்டவணையில் இருக்கிறது. உருவத்தால் தப்பித்தது, அதை மறைக்க முடியாது. பாம்புக்கும் பல்லிக்கும் அந்த வசதி இல்லை.

எதிர்ப்பவர்கள் செய்யும் ஆய்வுக்கும் இதே அளவுகோலைத்தான் வைப்பேன். ஒடிசாவில் பங்குனி ஆமைகள் வரும் கஹிர்மாதாவுக்குப் பக்கத்தில் தாம்ரா துறைமுகம் வந்தபோது, நிறுவனத்தின் காசில் ஐயுசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஆலோசனை சொன்னது. துறைமுகத்தை எதிர்த்த கிரீன்பீஸ் அமைப்பின் காசில் வடக்கு ஒடிசா பல்கலைக்கழகம் ஆய்வு செய்தது. இரண்டும் ஒரு தரப்பின் பணம்தான். தேதி, இடம், முறை, படம் எல்லாம் தந்தால் வேறொருவர் போய்ச் சரிபார்க்கலாம். தராவிட்டால் யார் காசில் நடந்தாலும் எனக்கு அது வெறும் காகிதம்.

நிறுவனம் பணத்தை ஒரு பொது நிதியில் கட்டட்டும், ஆய்வாளரை வேறொரு அமைப்பு ஒதுக்கட்டும் என்பது பழைய யோசனை. நல்லதுதான். ஆனால் சாலை போடுவதும் மேக்னசைட் கனிமம் வெட்டுவதும் சில நேரம் அரசேதான், அதனால் இதை மட்டும் நம்பி உட்கார முடியாது. களக் குறிப்பு முழுவதையும், எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர் என்பதோடு, கூட்டத்துக்கு முன் உள்ள அந்த 30 நாள் அவகாசத்திலேயே தமிழில் வெளியிடச் சொல்லிக் கேட்கலாம். பெரிய செலவில்லை.

அதுவரை நம் கையில் இருப்பது நம் பதிவுதான். ஏற்காடு, நாகலூர், கருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள், மழை நாளில் ரோட்டில் இந்தப் பாம்பைப் பார்த்தால் அடிக்காமல் படம் எடுங்கள், உயிர்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தேதியோடு போடுங்கள். பறவை என்றால் ஈபேர்ட் தளத்தில். பிடிக்க ஆள் வரும் என்று தோன்றினால் சரியான இடத்தை மறைத்துவிடுங்கள், அதற்கு ஐநேச்சுரலிஸ்டிலேயே வசதி இருக்கிறது. நாளைக்கு ஓர் அறிக்கை 'இங்கே இல்லை' என்று சொன்னால் கலெக்டர் முன்னால் எடுத்து வைக்க ஏதாவது வேண்டுமே.