முதலில் வாறுகால் எங்கே போய் விழுகிறது என்று எழுதுங்கள்

மாநகராட்சிக்கு ஒரு சுற்றுச்சூழல் திட்டம் வேண்டும் என்று பேச்செடுத்தாலே சோலார் பேனல், மின்சார பஸ், மரக்கன்று நடும் விழா என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் திருநெல்வேலி எங்கே தொடங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், வாறுகாலில், அதாவது தெருவோரக் கழிவுநீர் வாய்க்காலில், தொடங்க வேண்டும் என்பேன். ஒவ்வொரு தெருவின் வாறுகாலும் கடைசியில் எந்தக் கால்வாயில், எந்தக் குளத்தில், ஆற்றின் எந்த இடத்தில் போய் விழுகிறது? 55 வார்டுக்கும் இதை எழுதி, படமாக வரைந்து, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

போன வாரம் மேலப்பாளையம் பக்கம் பாளையங்கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கரைச் சுவரிலிருந்து ஒரு பிவிசி குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது, யாரோ துணி துவைத்த தண்ணீர் நுரையோடு கொட்டுகிறது. அதற்குக் கீழே பழைய கல் படித்துறை, பாதிப் படி வரை சகதி, ஆகாயத்தாமரையில் சிக்கிய ஒரு கட்டைப்பை. அங்கிருந்து அடுத்த பாலம் வரை நடந்தேன். பதினொரு குழாய் எண்ணினேன், அதற்கு மேல் புதர் மறைத்துவிட்டது. இதே கால்வாயில்தான் எங்க ஆச்சி குளித்துவிட்டு ஒரு குடம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வருவாள். பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரியும்போது அது ஆற்றுத் தண்ணீர், ஊரைத் தாண்டும்போது சாக்கடை, அதற்கும் கீழே அதை நம்பி வயல் இருக்கிறது.

நம் ஊருக்குத் திட்டம் ஏற்கெனவே ஒன்று இருந்தது, அதைத்தான் நாம் மறந்துவிட்டோம். அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், அவை நிரப்புகிற குளங்கள், ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிற வழி. நயினார்குளம் நெல்லைக் கால்வாய்த் தண்ணீரில் நிரம்புகிற குளம், இன்று அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த இரண்டு நாளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்குவது நமக்குப் பழக்கம், அது ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். ஆனால் மீனாட்சிபுரத்தில் எங்க சித்தி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது வாசல் வழியாக இல்லை. பின்கட்டில் குளியலறை ஓட்டை வழியாகக் கறுப்பாகப் பொங்கி வந்தது. ஆறு ஏறிவிட்டால் அதில் போய் விழுகிற வாறுகாலெல்லாம் எதிர்த்துப் பாயும், அவ்வளவுதான் விஷயம். அரிசி மூட்டை, மோட்டார், கல்யாண ஆல்பம் எல்லாம் போச்சு. நாம் ஆற்றுக்கு எந்த வழியாகக் கழிவை அனுப்பினோமோ அதே வழியாக ஆறு வீட்டுக்குள் வந்தது. அந்த வரைபடம் இருந்திருந்தால் எந்தத் தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று முதல் நாள் சாயங்காலமே சொல்லியிருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், கழிவுக்கு ஒரு திட்டம், வெள்ளத்துக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியாகப் போட வேண்டாம்.

இது யாரும் நமக்குச் செய்கிற உபகாரம் இல்லை. 1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் 12-வது அட்டவணையிலேயே சுற்றுச்சூழல் பாதுகாப்பு நகர உள்ளாட்சிகளுக்கான வேலைகளில் ஒன்றாக இருக்கிறது.

பெரிய கம்பெனியைக் கூப்பிட்டு, கனமான அறிக்கை வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. எந்த அடைப்பு எங்கே வரும், எந்தக் குழாய் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று தூய்மைப் பணியாளர்களுக்குத் தெரியும். தண்ணீர் முன்பு எந்தப் பக்கம் ஓடியது என்று மடை திறந்துவிடுகிற பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து, கூடவே ஒரு இன்ஜினியரிங் மாணவரையும் அனுப்பி, ஒரு கால்வாயை மட்டும் ஒரு கோடைக்குள் முழுசாக நடந்து எழுதிவிட முடியும். பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரி, பொறுப்புக்கு ஒரு அதிகாரி, அவ்வளவு போதும். நான்கு மண்டலத்திலும் கால்வாய்த் தண்ணீரை மாதம் ஒருமுறை சோதித்து, முடிவை மண்டல அலுவலக வாசலில் எழுதிப் போடட்டும். 1843-லிருந்து நிற்கிற சுலோச்சன முதலியார் பாலத்திலும் ஒரு பலகை வைக்கலாம், தினமும் அதைத் தாண்டித்தானே போகிறோம்.

குப்பையும் இதில்தான் வருகிறது. வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2016-லிருந்து இருக்கிறது, நாம்தான் கொடுப்பதில்லை. அதில் நம் தப்பும் பாதி.

வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபையின் அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பதினொரு குழாயின் போட்டோவையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோகப் போகிறேன். எங்க தெரு வாறுகால் எங்கே போய் விழுகிறது என்று கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்வேன். எதிர்வீட்டு அண்ணாச்சியும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.