முதல் பத்துப் பேரை விலைக்கு வாங்க முடியாது

இணையத்தில் கடை நடத்துவது எப்படி என்று சொல்லித் தந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தத் துண்டு வீடியோவைச் சிரிப்பு எமோஜி போட்டு ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். அதில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். பொறுக்கவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். வகுப்புக்கு வந்திருந்த ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய கடைப் பக்கத்தை எல்லார் முன்னாலும் திரையில் போட்டார் பயிற்சியாளர். "ரிவ்யூ ஒண்ணுகூட இல்ல, பாலோயர் விரல் விட்டு எண்ணிடலாம். இந்தக் கடையில நீங்க வாங்குவீங்களா?" என்று கேட்டார். சாட்டில் சிரிப்பு கொட்டியது. அந்தப் பெண் கேமராவை அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு பயிற்சியாளர் தீர்வு என்று நாலு விஷயம் சொன்னார். சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திர ரிவ்யூ எழுதவை. பாலோயர் வாங்கு. போன் நம்பர் பட்டியல் வாங்கி வாட்ஸப்பில் அடி. பாதி விலைக்குத் தள்ளுபடி போடு. "கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் கூட்டம் வரும்" என்று முடித்தார். கைத்தட்டல்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். புதுக் கடைக்கு முதலில் வருகிற பத்துப் பேரை விலைக்கு வாங்க முடியாது. ஒவ்வொருவராகத் தேடிப் போய், பேசி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித்தான் அழைத்து வர முடியும். மெதுவான வேலைதான். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்துத்தான் அன்றைக்குச் சிரித்தீர்கள்.

நான் கையால் தைத்த நோட்டுப் புத்தகங்கள் விற்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒருவர் மெசேஜ் அனுப்பினார். "மை பேனாவில எழுதினா பின்பக்கம் ஊறுமா?" ஊறாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் ஒரு நோட்டை எடுத்து, மை பேனாவால் அரைப்பக்கம் எழுதி, தாளைப் புரட்டிக் காட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வீடியோ எடுத்து அனுப்பினேன். அடுத்து, "நான் இடது கைக்காரி, நடுத்தையல் கையில இடிக்குமா?" என்றார். நோட்டை மேசையில் முழுக்க விரித்து, இடது கையால் கோணல்மாணலாக எழுதி அதையும் வீடியோ எடுத்தேன். அவர் ஒரே ஒரு நோட்டு வாங்கினார். லாபம் என்று பார்த்தால் பேக்கிங் செலவுக்கே சரியாகப் போயிருக்கும்.

ஆனால் அந்த இரண்டு வீடியோவையும் கடைப் பக்கத்தில் போட்டு வைத்தேன். பொருளின் தலைப்பிலேயே 'மை ஊறாத தாள், முழுக்க விரியும் தையல்' என்று சேர்த்தேன். அதன் பிறகு வந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை, நேராக வாங்கினார்கள். அந்த முதல் ஆள் பிறகு தன் தோழிகள் இருவருக்கும் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் என் கடையில் அதிகம் பார்க்கப்படுவது அந்த வீடியோதான். எந்தப் பட்டியலை விலைக்கு வாங்கியிருந்தால் எனக்கு அந்தக் கேள்வி கிடைத்திருக்கும்?

முதல் பத்துப் பேரின் மதிப்பு அவர்கள் கொடுக்கிற பணத்தில் இல்லை. கடையில் எது புரியவில்லை, எது சந்தேகமாக இருக்கிறது, எந்த இடத்தில் திரும்பிப் போகலாம் என்று தோன்றியது என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். வாங்கிய பாலோயர் சொல்ல மாட்டான். பெரியம்மா மகன் எழுதிய ரிவ்யூ சொல்லாது.

சரி, ரிவ்யூவுக்கு வருவோம். "ரிவ்யூ இல்லாம யாருங்க வாங்குவா?" என்று நேற்றே இன்பாக்ஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் 2017-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டது. ரிவ்யூவே இல்லாத பொருளைவிட, ஐந்து ரிவ்யூ உள்ள பொருளை மக்கள் வாங்கும் வாய்ப்பு 270 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். ஐம்பதோ ஐந்நூறோ தேவைப்படவில்லை, வெறும் ஐந்து. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. நட்சத்திரச் சராசரி 4.0 முதல் 4.7 வரை இருக்கும்போதுதான் வாங்கும் வாய்ப்பு உச்சத்தில் இருக்கிறது. முழு ஐந்தை நெருங்க நெருங்கக் குறைகிறது. எல்லாமே ஐந்து நட்சத்திரமாக இருந்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வருகிறது. வராதா பின்னே? "சூப்பர் பொருள், உடனடி டெலிவரி, மிக்க நன்றி" என்று ஒரே நாளில் வரிசையாக எழுதியிருந்தால் நீங்கள் நம்புவீர்களா?

உண்மையான ஐந்து ரிவ்யூ எங்கிருந்து வரும்? உண்மையாக வாங்கிய ஐந்து பேரிடமிருந்து. பொருள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து, "எப்படி இருக்குங்க? குறை இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டால் பாதிப் பேராவது எழுதுவார்கள். எனக்கு வந்ததில் ஒன்று, "அட்டை நல்லாயிருக்கு, பக்கம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்று நாலு நட்சத்திரம். அதை எடுக்கச் சொல்லி ஒரு நண்பர் இன்றுவரை நச்சரிக்கிறார். எடுக்க மாட்டேன்.

"எல்லாரும்தான் போலி ரிவ்யூ போடுறாங்க, நீ மட்டும் உத்தமரா?" என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் செய்வதில்லை. அமெரிக்காவில் வியாபார மோசடிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஆகஸ்டில் அறிவித்து அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியில், போலி ரிவ்யூவை விற்பது, வாங்குவது இரண்டுமே தடை. தெரிந்தே போலி பாலோயர், போலி பார்வைகளை வாங்கி வியாபாரச் செல்வாக்கு காட்டுவதும் அதே விதியில் வருகிறது. ஓர் அரசாங்கம் விதி போட்டுத் தடுக்கிற காரியத்தை வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுக்கிறோம், அதற்குக் கட்டணமும் வாங்குகிறோம். நமக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லையா?

பாலோயர் வாங்கிய கதை ஒன்றை நான் கிட்டத்திலிருந்தே பார்த்தேன். என் தோழி ஒருத்தி துணிப்பை தைத்து விற்கிறாள். யாரோ சொன்னார்கள் என்று பத்தாயிரம் பாலோயரை வாங்கினாள். பார்ப்பதற்குப் பிரமாதமாக இருந்தது. அதன் பிறகு அவள் போட்ட பதிவு எதற்கும் லைக்கும் இல்லை, கேள்வியும் இல்லை. ஒரு பதிவை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டி, அவர்கள் நின்று பார்க்கிறார்களா என்பதை வைத்துத்தான் இந்தத் தளங்கள் மேற்கொண்டு காட்டுகின்றன. அவளுடைய பை போகிற இடமெல்லாம் ஆளில்லாத கணக்குகள். முன்பு ஆசையாக விலை கேட்டுக்கொண்டிருந்த பழைய ஆட்களின் கண்ணிலும் படாமல் போனாள். கடைசியில் அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். அவளிடம் விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

நம்பர் பட்டியல் வாங்கி வாட்ஸப்பில் அடிக்கச் சொன்னாரே, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். ஒரே மெசேஜைப் பலருக்கு ஒன்றாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். முன்பின் தெரியாதவர் உங்கள் எண்ணை எதற்குச் சேமிக்கப் போகிறார்? ஒவ்வொருவருக்காகத் தனித்தனியே அனுப்பினால் புகார் குவிந்து எண்ணே முடங்கும். மெயிலும் அப்படித்தான். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு ஸ்பாம் (வேண்டாத மெயில்) என்கிற புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் வரம்பு வைத்திருக்கிறது. அதாவது ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் ஸ்பாம் பட்டனை அழுத்தினாலே ஆபத்து. காசு கொடுத்து வாங்கிய பட்டியலில் மூன்றே பேர்தான் அழுத்துவார்களா?

அடுத்து, "அப்ப விளம்பரமே வேண்டாம்கிறியா?" என்பார்கள். வேண்டாம் என்று எப்போது சொன்னேன்? நானும் விளம்பரம் கொடுக்கிறேன். எப்போது கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. உங்கள் விளம்பரத்தை யாருக்குக் காட்டினால் வாங்குவார்கள் என்பதை விளம்பரத்தைக் காட்டுகிற மெஷின் கற்றுக்கொள்ள, ஒரு வாரத்தில் ஆர்டர் மாதிரியான பலன் ஏறத்தாழ 50 ஆவது கிடைக்க வேண்டும் என்று பேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டாவின் உதவிப் பக்கமே சொல்கிறது. மாதத்துக்கு இரண்டு ஆர்டர் வருகிற கடையில் அது எதை வைத்துக் கற்றுக்கொள்ளும்? உங்கள் காசில் தடவிக்கொண்டிருக்கும்.

வந்தவர்களும் நிற்க வேண்டுமே. கூடையில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் சராசரியாக நூற்றுக்கு எழுபது பேர். இணையக் கடைகளை ஆராய்கிற பேமார்ட் நிறுவனம் பல ஆண்டுகளாகத் தொகுத்துவரும் கணக்கு இது. அவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம், கடைசி நிமிடத்தில் தலைகாட்டுகிற டெலிவரிக் கட்டணமும் மற்றச் செலவுகளும். கணக்குத் திறந்தால்தான் வாங்க முடியும் என்று கட்டாயப்படுத்துவதும் பட்டியலில் இருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் விளம்பரத்துக்குக் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். டெலிவரிக் கட்டணத்தைப் பொருளின் பக்கத்திலேயே எழுதுங்கள். பிடிக்காவிட்டால் எப்படித் திருப்பி அனுப்புவது என்று நாலு வரி எழுதுங்கள். பேச ஓர் எண் கொடுங்கள், கூப்பிட்டால் எடுங்கள். தெரிந்தவர் ஒருவரிடம் போனைக் கொடுத்து உங்கள் கடையில் ஒரு பொருளை வாங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். எங்கே விரல் தடுமாறுகிறது என்று மட்டும் பாருங்கள். அரை மணி நேர வேலை. அந்த வகுப்பில் இதில் ஒன்றாவது சொன்னார்களா?

தள்ளுபடியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அடக்க விலைக்கும் கீழே விற்று, கோடிக்கணக்கில் விளம்பரம் செய்து, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்த, செல்லப்பிராணிப் பொருட்கள் விற்ற அமெரிக்க இணையக் கடை பெட்ஸ் டாட் காம், அதே ஆண்டு நவம்பரில் கடையை மூடியது. கூட்டத்துக்குக் குறைவே இல்லை.

"ஒவ்வொருத்தரா பிடிச்சா எப்பங்க பெருசாகுறது?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வருகிறது. பெரிதானவர்கள் எப்படி ஆரம்பித்தார்கள் என்று போய்ப் பாருங்கள். இணையத்தில் செருப்பு விற்கும் ஜாப்போஸ் 1999-இல் தொடங்கியபோது அவர்களிடம் சரக்கே இல்லை. நிறுவனர் நிக் ஸ்வின்மர்ன் பக்கத்துச் செருப்புக் கடைகளில் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அந்தக் கடைக்கே போய் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். தங்க வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளத்தின் நிறுவனர்கள் 2009-இல் நியூயார்க் போய், வாடகைக்கு விடுகிறவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, தாங்களே நல்ல போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். அமேசான் 1995-இல் ஆரம்பித்தபோது ஒவ்வொரு ஆர்டருக்கும் அலுவலகத்தில் ஒரு மணி அடிக்கும். ஊழியர்கள் கூடிவந்து, வாங்கியவர் தெரிந்தவரா என்று பார்ப்பார்களாம். அவர்களை யாரும் திரையில் போட்டுச் சிரிக்கவில்லை.

"அவங்ககிட்ட முதலீடு இருந்தது" என்பீர்கள். இருந்தது. அதற்கென்ன? முதலீடு இருந்தவர்களே கதவைத் தட்டினார்கள் என்றால், இல்லாதவர்கள் இன்னும் அதிகமாகத் தட்ட வேண்டும்.

கடன் வாங்கிக் கடை திறந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அந்த வலி புரிகிறது. என்னிடம் அதற்குச் சுலபமான பதில் இல்லை. ஆனால் கடனில் இருப்பவர் போலி ரிவ்யூவுக்கும் காசு கொடுத்தால் கடன்தான் கூடும். கூகுள் தேடலில் மேலே வருவதற்குக்கூட, வேலை தொடங்கி நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பது கூகுளே கொடுத்த அறிவுரை. ஒரே வாரத்தில் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கடைசியாக, என்னை நோக்கி வந்தது. "சின்னதா நோட்டு தைச்சு விக்கிறவங்க பெரிய வியாபாரம் பத்திப் பேசக் கூடாது." படித்தபோது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆமாம், சின்னக் கடைதான். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஊசியில் நூல் கோத்து, பார்சலில் கையால் பேர் எழுதி அனுப்புகிற கடை. ஆனால் என்னிடம் வாங்கியவர்கள் திரும்ப வருகிறார்கள். ஒரு வாடிக்கையாளரின் மகள் பரீட்சை எழுதப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். நோட்டு தாமதமானால் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியும். இதற்கெல்லாம் வியாபாரத்தில் இடமில்லை என்றால் வேறு எதற்கு இருக்கிறது?

வியாபாரம் தெரியாதவர்கள் வாயை மூட வேண்டும் என்றால், அந்த அளவுகோலை எல்லாருக்கும் வைப்போம். பயிற்சியாளர் அவர்களே, நீங்கள் விற்கிற பொருள் உங்கள் வகுப்பு. அதற்கு வாடிக்கையாளர்கள், புதிதாகக் கடை திறந்து ஆர்டர் வராமல் பயந்துபோயிருக்கிறவர்கள். அவர்களுடைய பயம்தான் உங்கள் கூட்டம். பணம் கட்டி உள்ளே வந்த ஒருவரைத்தான் நீங்கள் திரையில் ஏற்றிச் சிரிக்கவைத்தீர்கள். இதுவரை உங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேருடைய கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது? அதில் எத்தனை பேருக்கு ஒரே ஆள் இரண்டாம் முறை வந்து வாங்கியிருக்கிறார்? அந்தக் கணக்கை வெளியிடுங்கள். நான் சொன்னது தவறு என்று அதில் தெரிந்தால் இந்தப் பதிவை அன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.

இன்பாக்ஸுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். கமெண்டைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், இங்கேயே சொல்லுங்கள்.