சோற்றைக் கைவிடுவதற்கு முன் தேங்காய்ப்பூவை நிறுத்துப் பார்ப்போம்

நிறையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் யாழ்ப்பாணத்தில் நம்மவர்கள் முதலில் கைவைப்பது சோற்றில்தான். மாச்சாமான் எதுவும் வேண்டாம், இரவுப் புட்டு வேண்டாம், பாண் வேண்டாம் என்று வீட்டில் அறிவித்துவிட்டு, முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்து, இரண்டு மாதத்தின் பின் பழைய நிறைக்கே திரும்பிவிடுகிறார்கள். அண்மையில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு தங்கை என்னிடம், "அக்கா, நான் சோறே தொடுறதில்லை, ஆனாலும் உடம்பு குறையுதில்லை" என்று மிகவும் மனம் வருந்திச் சொன்னார். அவருக்குச் சொன்னவற்றையும், அவசரத்தில் சொல்ல முடியாமற் போனவற்றையும் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மாச்சத்தைக் குறைப்பதும் கலோரியைக் கணக்கிடுவதும் இரண்டு வேறு வழிகள் என்றும், ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிடலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். என் கருத்தில், நமது உணவைப் பொறுத்தவரை இந்த எண்ணமே பெரும்பாலானோரின் முயற்சியைக் கெடுக்கிறது. ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரியைத் தருகிறது, ஒரு கிராம் புரதமும் 4 கலோரியைத் தருகிறது, ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரியைத் தருகிறது. நமது சமையலில் அந்தக் கொழுப்பின் பெரும்பங்கு தேங்காயிலும் எண்ணெயிலும் இருக்கிறது. மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருடைய கண்ணில் அது படுவதே இல்லை.

ஓர் இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். நூறு கிராம் அரிசிமாவில் அவித்த புட்டில் மாவினால் வருவது ஏறத்தாழ 360 கலோரி. அதோடு கலக்கும் தேங்காய்ப்பூவைக் கையால் அள்ளிப் போடாமல் தராசில் வைத்துப் பார்த்தால் ஐம்பது கிராம் சர்வசாதாரணமாக இருக்கும். அது 175 கலோரி. முதற்பால் தாராளமாக விட்ட சொதியில் ஒருவர் பங்குக்கு நூறு மில்லிலீற்றர் பால் சேர்ந்தால் இன்னும் 200 கலோரி. கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்திருந்தால், அது குடித்த எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி நமது கோப்பைக்கு வந்தாலே 120 கலோரி. எல்லாவற்றையும் கூட்டினால் 850 ஐத் தாண்டுகிறது. அதில் மாவின் பங்கு பாதிக்கும் குறைவு. இப்போது புட்டை மட்டும் விலக்கிவிட்டு, பசி தாங்காமல் பொரியலையும் சம்பலையும் சொதியையும் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளும் ஒருவர் எதைக் குறைத்தார்? அந்தத் தங்கையின் வீட்டிலும் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். சோறு போன இடத்தில் பொரித்த மீனும் கச்சானும் வந்து அமர்ந்திருந்தன.

தேங்காயை நான் எதிரியாக்கவில்லை. சொதியும் சம்பலும் இல்லாமல் இடியப்பம் உண்ணச் சொல்வது நடக்கக்கூடிய யோசனையும் அன்று. சொதிக்கு இரண்டாம் பாலையே எடுக்கலாம், முதற்பாலை இறக்கும்போது ஒரு கரண்டி மட்டும் விடலாம். புட்டுக்குத் தேங்காய்ப்பூவை நிறுத்துப் போடலாம். சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி ஒரு வாரம் மட்டும் பயன்படுத்தினால் போதும், அதன்பின் கண்ணே அளவைப் பழகிக்கொள்ளும்.

முதல் வாரத்தில் குறைந்த அந்த இரண்டு கிலோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் மாச்சத்தைக் கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. மாச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் அந்தச் சேமிப்புக் கரைந்து, அதோடு இருந்த நீரும் வெளியேறுகிறது. மீண்டும் ஒரு கலியாண வீட்டில் வயிறாரச் சாப்பிட்டால் நீர் திரும்பி வந்துவிடுகிறது, முயற்சி வீணாகிவிட்டது என்று மனம் உடைகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருப்பதால், நாளொன்றுக்கு 500 கலோரியைக் குறைப்பவர் வாரத்துக்கு அரைக் கிலோவளவு குறைவதே முறையான வேகம். நிறை குறையக் குறைய உடலின் தேவையும் குறைவதால் அந்த வேகமும் தளரும்.

மாச்சத்தைக் குறைப்பது நல்லதா, கொழுப்பைக் குறைப்பது நல்லதா என்ற வாதத்துக்கு, அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரோஃபர் கார்ட்னர் தலைமையில் நடந்து 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவான விடை தந்தது. 609 பேர் இரண்டு குழுக்களாகப் பன்னிரண்டு மாதங்கள் பின்தொடரப்பட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் குறைந்தார்கள். புள்ளிவிபரப்படி அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. இரு குழுவினரிடமும் கலோரியை எண்ணும்படி கேட்கப்படவில்லை. ஆனால் சீனியையும் தீட்டிய மாவையும் தவிர்த்து மரக்கறியை நிறைய உண்ணும்படி இருசாராருக்கும் சொல்லப்பட்டது, இருசாராரும் உண்ட மொத்தக் கலோரியும் குறைந்தது. ஒரே குழுவுக்குள் சிலர் மிக நன்றாகக் குறைந்தார்கள், சிலர் கூடவும் செய்தார்கள். ஆகவே ஒருவருடைய முறை மற்றவருக்கும் அப்படியே பொருந்தும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பி வீட்டுச் சமையலைத் தலைகீழாக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தில், கலோரியை மட்டும் எண்ணுவோருக்கும் ஒரு குறை நேர்கிறது. நாளொன்றுக்கு 1500 என்று வரையறுத்துக்கொண்டு, அதைக் காலையில் பாணும் சம்பலும், பகல் சோறும் உருளைக்கிழங்கும், பின்னேரம் பணிசும் தேநீரும், இரவு இடியப்பமும் என்று நிரப்பினால் கணக்குச் சரியாக வரலாம். ஆனால் பசி அடங்காது. புரதம் மிகக் குறைவாக இருப்பதால் கொழுப்போடு தசையும் கரையும். நமது உணவின் உண்மையான பலவீனம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மூன்று வேளையும் மாவே தலைமை தாங்குகிறது. மீன் துண்டு ஒன்று, பருப்பு ஒரு கரண்டி, வறை ஒரு ஓரம் என்று மற்றவை தொட்டுக்கொள்ளும் பொருள்களாகவே இருக்கின்றன. புரதத்தைச் செரிக்க உடல் அதன் கலோரியில் 20 முதல் 30 வீதம் வரை செலவிடுகிறது, அது வயிற்றையும் நீண்ட நேரம் நிறைவாக வைத்திருக்கிறது. சூடை மீனும் நெத்தலியும் கணவாயும் கிடைக்கும் ஊரில், முருங்கை இலையும் பயற்றங்காயும் முற்றத்திலேயே வளரும் ஊரில், இவ்வளவு மாவை நாம் உண்ண வேண்டிய அவசியம் இல்லை.

நாளொன்றுக்கு 1600 கலோரி போதுமான ஒருவருக்கு, அதில் 45 வீதம் மாச்சத்திலிருந்து என்று வைத்தால் 180 கிராம் வருகிறது. பகலில் 150 கிராம் சோறு ஏறத்தாழ 42 கிராமைத் தரும். காலையிலும் இரவிலும் ஐம்பது கிராம் மாவில் செய்த இடியப்பமோ புட்டோ தலா 40 கிராமைத் தரும். பழம், பருப்பு, பால், மரக்கறி ஆகியவற்றுக்கு இன்னும் அறுபது கிராமளவு மிஞ்சுகிறது. சோற்றை முற்றாகத் துறக்க வேண்டியதில்லை என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. ஆனால் கோப்பையில் அது கால் பங்கில் அடங்க வேண்டும், இன்னொரு கால் பங்கு மீனுக்கோ முட்டைக்கோ கடலைக்கோ உரியது, மீதிப் பாதி மரக்கறிக்கு. இதில் எங்கும் இடமில்லாதது சீனி. இரண்டு தேக்கரண்டி சீனி போட்டு ஐந்து முறை தேநீர் குடிப்பவர் அதிலேயே 200 கலோரியைச் சேர்த்துவிடுகிறார். பனங்கட்டி கடித்துக் குடித்தாலும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை.

குரக்கனைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரக்கன் புட்டில் நார்ப்பொருளும் கல்சியமும் மிகுதி என்பதால் அதை நான் முழுமனத்தோடு விரும்பிப் பரிந்துரைக்கிறேன். ஆயினும் அதன் மாவிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராமளவில் மாச்சத்து இருக்கிறது, கலோரியும் 300 ஐத் தாண்டும். குரக்கன்தானே என்று இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டு உண்பவருக்கு நிறை குறையாது. சிவப்பரிசிக்கும் ஒடியல் மாவுக்கும் இதே கதைதான்.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மச்சம் விலக்குவோருக்கு இந்தச் சமநிலையைப் பேணுவது சற்றுக் கடினம். மீனும் முட்டையும் போன இடத்தைச் சோறும் அப்பளமும் வடையும் பாயாசமும் பிடித்துக்கொள்கின்றன. அந்த நாட்களில் கடலை, பயறு, உழுந்து, தயிர், சோயா ஆகியவற்றுள் ஒன்றாவது ஒவ்வொரு வேளையும் கோப்பையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. ஒருநேர உணவோடு விரதம் இருப்போர் அந்த ஒரு நேரத்தில் மூன்று நேரத்துச் சோற்றை உண்டுவிடாமலும் இருக்க வேண்டும்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். இன்சுலினோ, கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ பாவிக்கும் ஒருவர், மருந்தின் அளவை மாற்றாமல் மாச்சத்தைத் திடீரென்று வெட்டினால் குருதியில் வெல்லத்தின் அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் அதன் அறிகுறிகள். எம்பாகிளிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்போர் மாச்சத்தை மிகக் கடுமையாகக் குறைப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. சீனி அளவு அவ்வளவாக உயராமலே குருதி அமிலத்தன்மை அடையக்கூடும். ஆகவே சோற்றின் அளவைக் குறைக்க எண்ணும் நீரிழிவாளர் அதை அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் சொல்லி, மருந்தின் அளவையும் சேர்த்து மாற்றிக்கொண்ட பின்னரே தொடங்க வேண்டும்.