டான் கேபிள் தோற்ற அந்த ஒரே போட்டி

அமெரிக்க மல்யுத்த வீரர் டான் கேபிளைப் பற்றி, "கல்லூரியில் ஒருமுறைகூடத் தோற்காதவர், அதே கல்லூரிக்கே பயிற்சியாளராகி 15 தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார்" என்று சொல்வதுண்டு. 15 பட்டம் சரி. மற்ற இரண்டும் தவறு.

கேபிள் தோற்றிருக்கிறார். பள்ளியும் கல்லூரியும் சேர்த்து வரிசையாக 181 வெற்றி. அப்புறம் 1970இல், கல்லூரி வாழ்க்கையின் கடைசிப் போட்டியான தேசிய இறுதியில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று வீழ்ந்தார். இதை மறைத்துவிட்டால் அவர் கதையே புரியாது. அந்தத் தோல்விதான் தன்னை இன்னும் கடுமையாக உழைக்க வைத்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1971இல் உலக சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 68 கிலோ பிரிவில் எதிராளி எவருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம். ஓவிங்ஸின் பெயரும் நினைவில் இருக்க வேண்டும், அன்று அவர் ஆடியது அப்படிப்பட்ட ஆட்டம்.

கல்லூரியில் தோற்கவே தோற்காதவர் கேல் சாண்டர்சன்: 1999 முதல் 2002 வரை 159 போட்டி, 159 வெற்றி. அவரும் பின்னர் பெரிய பயிற்சியாளரானதால் இருவரையும் குழப்பிக்கொள்வது எளிது.

அடுத்தது, கேபிள் மல்லாடியது ஏம்ஸ் நகரில் உள்ள அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு. 1976 முதல் 1997 வரை 21 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தது அயோவா பல்கலைக்கழகத்தில். பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது. மல்யுத்தத்தில் இரண்டும் பரம எதிரிகள். அந்த 15 பட்டங்களில் ஒன்பது, 1978 முதல் 1986 வரை தொடர்ச்சியாக வந்தவை.