முதலில் தோண்டி முடியுங்கள், அப்புறம் நிதி கேளுங்கள்
பிரதான சாலைகளைச் சீரமைக்க அரசிடம் சிறப்பு நிதி கேட்டு எங்கள் நகராட்சி தீர்மானம் போட்டிருக்கிறது, பணம் வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறது இது பற்றி இங்கே வந்திருக்கும் கட்டுரை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எங்கள் தெருவில் தார் போட்டு நாற்பது நாள்கூட ஆகவில்லை, குடிநீர்க் குழாய் பதிக்கிறோம் என்று நடுவில் தோண்டினார்கள். மூடியது வெறும் மண்ணால். முதல் மழையிலேயே பள்ளம் விழுந்து, பால்காரர் கேனோடு சாய்ந்தார். இன்னொன்று, சாலையின் உயரம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். இங்கே மேலே மேலே கொட்டியதில், மூன்று படி ஏறி நுழைந்த எங்கள் வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். மழை பெய்தால் தண்ணீரும் கூடவே வருகிறது. எனக்கு முன்னால் இங்கே கருத்து எழுதிய ஒரு நண்பர், சாலை கெடுவதற்கான எல்லாப் பழியையும் ஒப்பந்ததாரர் தலையில் கட்டியிருக்கிறார். சரி, அவர் மேலும் தப்பு உண்டு. ஆனால் செய்த வேலையை அளந்து பதியும் அளவீட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு பில்லைப் பாஸ் செய்வது யாராம், அதிகாரிகள்தானே? குழாய், பாதாளச் சாக்கடை, கேபிள் எல்லாம் புதைத்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு அரசு பணம் கொடுக்கட்டும்.